டெல்டாவின் கரைப் பாதைகளுக்குத் தார் வேண்டாம், கிராவல் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரி டெல்டாவில் ஆற்றங்கரைகளையும் வாய்க்கால் கரைகளையும் பற்றிய கோரிக்கை என்றாலே அது பெரும்பாலும் தார்ச்சாலை கேட்கும் கோரிக்கையாகவே இருக்கிறது. கிராம சபைகளிலும், விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டங்களிலும், தேர்தல் நேரத்து வாக்குறுதிகளிலும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்கு நேர்மாறான கோரிக்கை ஒன்றைத் தங்கள் நாளிதழ் வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். ஊருக்குள் செல்ல வேறு வழியே இல்லாத கரைகளை விட்டுவிட்டு, மற்றக் கரைப் பாதைகளைக் கிராவல் பாதைகளாகவே வைத்திருக்க வேண்டும். அவற்றை ஆண்டுதோறும் செப்பனிட்டு, கார்களும் டிப்பர் லாரிகளும் நுழையாதபடி தடுத்து, நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் உரியவையாக அறிவிக்க வேண்டும்.

கிராவல் சைக்கிளிங் என்ற பெயரில் இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் மிதிவண்டிப் பயணம், தார் போடாத பாதைகளைத் தேடிச் செல்வதாகும். பந்தய சைக்கிளைப் போல் வளைந்த கைப்பிடி, 38 முதல் 45 மில்லிமீட்டர் வரை அகலமான டயர், அதில் சற்றுக் குறைவாக அடித்த காற்று, சேறு பட்டாலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக் ஆகியவை அதற்கான வண்டியின் அடையாளங்கள். இதற்கென உலக சாம்பியன் போட்டி முதன்முறையாக 2022-இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில், பெரும்பாலும் சமதளத்தில், நடத்தப்பட்டது. இது வசதி படைத்தவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நம் கிராமங்களில் பால் கேன்களும் நெல் மூட்டையும் சுமந்த பழைய கறுப்பு சைக்கிளின் டயர் 28-க்கு ஒன்றரை அங்குலம். அதாவது ஏறத்தாழ 40 மில்லிமீட்டர். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கிராவல் வண்டியின் டயரும் ஏறத்தாழ அதே அகலந்தான். எடையும் கியரும் பிரேக்கும் வேறுபடலாமே தவிர, சரளைக் கல்லின் மேல் உருள வேண்டிய சக்கரம் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர்கள் கரை நெடுகிலும் உடைப்பும் கசிவும் பார்த்துக்கொண்டு சென்றதும் இத்தகைய வண்டிகளில்தான்.

இப்படிப் பயணம் செய்வதற்கு டெல்டாவைவிடப் பொருத்தமான நிலம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து முத்துப்பேட்டைக் கடற்கரை வரை, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவே நிலம் சரிகிறது. ஆறுகளும் வாய்க்கால்களும் சுற்றிலுமுள்ள வயலைவிட உயர்ந்த கரைகளுக்கு நடுவே ஓடுவதால், கரைமேல் செல்பவருக்கு ஒரு பக்கம் தண்ணீரும் மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தெரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனத் தண்ணீர் பிரிவதை நாம் அறிவோம். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய், தஞ்சை மக்கள் வாயில் இன்றும் புது ஆறு; தஞ்சைப் பெரிய கோயிலின் பக்கமாகச் சென்று, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டாரங்களுக்குப் பாசனம் தந்து, ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் முடிகிறது. அந்த 148 கிலோமீட்டருக்கும், அதிலிருந்து பிரியும் கிளை வாய்க்கால்களுக்கும், பொறியாளர்களும் பணியாளர்களும் கண்காணிக்கச் செல்வதற்கான கரைப் பாதை என்ற ஒன்று தொடக்கத்திலிருந்தே உண்டு. நான் கேட்பது புதிதாக நிலம் எடுத்துப் போடும் பாதையே அல்ல. முன்பு பொதுப்பணித் துறையிடம் இருந்து இப்போது நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள அந்தப் பாதைகளையே கேட்கிறேன்.

ஒரு வழியை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கல்லணையிலிருந்து வெண்ணாற்றின் கரையைப் பிடித்துத் தென்பெரம்பூர் வந்து, அங்கிருந்து வடவாற்றின் கரையில் தஞ்சாவூர் நகரின் வடபுறத்தைக் கடந்து கிழக்கே போனால், வடவாறு போய்ச் சேரும் வடுவூர் ஏரியை அடையலாம். வடுவூர் பறவைகள் சரணாலயம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரியை நிரப்பிய பிறகு, கார்த்திகை முதல் மாசி வரை, நத்தை குத்தி நாரைகளையும் அரிவாள் மூக்கன்களையும் நீர்க்காகங்களையும் ஏரிக்கரையில் நின்றே பார்க்கலாம். வடுவூரிலிருந்து மன்னார்குடி பக்கந்தான். நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வரும் பாமணியாறு மன்னார்குடியைத் தொட்டுத் தெற்கே இறங்குகிறது. அதன் கரையில் சென்றால் வயல்கள் மெல்ல மறைந்து, இறால் பண்ணைகளும் உவர் நிலமும் தொடங்கி, கடைசியில் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு எதிரே நிற்கும். கல்லணையில் தொடங்கி அலையாத்தி வேர் வரை, ஒரு நதியின் கடைசிப் பயணம் முழுவதையும் இரண்டு நாளில் சைக்கிளில் பார்த்துவிட முடிகிற இடம் உலகில் எத்தனை இருக்கும்? இந்த வழியில் இன்று தொடர்ச்சியாகச் செல்ல முடியாது என்பதுதான் வருத்தம். சில இடங்களில் கரை தார்ச்சாலையாகிப் பேருந்தும் லாரியும் ஓடுகின்றன. சில இடங்களில் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. இரண்டு மதகுகளுக்கு இடையே பாதையே காணாமல் போன இடங்களும் உண்டு.

தாரா கிராவலா என்ற கேள்விக்கு வருகிறேன். டெல்டாவின் மண் வண்டலும் களிமண்ணும். கோடையில் அது விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் நனைந்துவிட்டால் மிதிவண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஐம்பது அடி போவதற்குள் டயரில் ஒட்டிய களி மட்கார்டுக்குள் அப்பி, பிரேக் கட்டைகளுக்கு இடையே திரண்டு, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு நான்கு அடி தள்ளினால் மறுபடியும் அதே கதை. பள்ளிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நடப்பதற்குக் காரணம் இதுதான். இந்த நிலையைப் பார்த்துத்தான் ஊர் மக்கள் தார்ச்சாலை கேட்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் குற்றம் இல்லை. ஆனால் சேற்றுக்குத் தார் ஒன்றுதான் மாற்று என்பதை நான் ஏற்கவில்லை. வல்லம் மேட்டிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் கிடைக்கும் செம்மண் கலந்த கிராவலை அரை அடிக்குப் பரப்பி, நடுவில் சற்று மேடாகவும் இரு ஓரங்களிலும் சரிவாகவும் இழுத்து, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால், அது இறுகிவிடும். மழைநீர் தேங்காமல் வடியும். சைக்கிள் டயருக்கும், மாட்டின் குளம்புக்கும், செருப்பில்லாத காலுக்கும் அந்தத் தரை ஒத்துவரும். உச்சி வெயிலில் தார்ச்சாலையைப் போல் கொதிப்பதும் இல்லை.

கிராவல் பாதையிலும் குறை உண்டு என்பதை மறைக்கவில்லை. ஒவ்வொரு பருவமழைக்குப் பிறகும் அதைச் செப்பனிட வேண்டும். செப்பனிடாமல் இரண்டு ஆண்டு விட்டால் பள்ளமும் மேடுமாகிவிடும். தார்ச்சாலையோ, போட்ட சில ஆண்டுகளுக்காவது கவனிப்பு கேட்காது. ஒப்பந்ததாரருக்கும் அதிகாரிக்கும் ஒரே முறையில் முடியும் வேலையே வசதி என்பதும் புரிகிறது. ஆனால் கரை என்பது சாலைக்காகப் போட்ட மேடு அல்ல; தண்ணீரைத் தாங்குவதற்காகப் போட்டது. தார் போட்டவுடன் முதலில் வருவது மிதிவண்டியும் நடப்பவர்களும் அல்லர். கல்லும் மண்ணும் ஏற்றிய டிப்பர்களும், ஊர் நெரிசலைத் தவிர்க்க வழி தேடும் கார்களுமே வந்து சேருகின்றன. பாரம் ஏறிய லாரி ஓடும்போது கரையின் ஓரம் அமுங்கிச் சரியும். சரிந்த இடத்தில் எலி வளையோ நண்டு வளையோ இருந்தால், ஆற்றில் முழு அளவு தண்ணீர் போகும் நாளில் அதுவே உடைப்புக்கு வாசலாகிவிடும். பிறகு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரவில் ஓடுபவர்கள் அதே ஊர் மக்கள்தாம். கரையைப் பார்த்துக்கொள்ள மனிதர்கள் மெதுவாக அதன்மேல் போய்வந்துகொண்டிருப்பது நல்லது என்பதை லஸ்கர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கப்படுவதற்கு முன்பாக, கோடையில் ஆண்டுதோறும் தூர்வாரும் பணி நடக்கிறது. பொக்லைன் இயந்திரம் ஆற்றின் படுகையிலிருந்து அள்ளும் மண்ணையும் கோரையையும் வெங்காயத்தாமரையையும் கரைப் பாதையின் நடுவிலேயே குவித்துவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் குவியல் வெயிலில் காய்ந்து பாறைபோல் இறுகி, அடுத்த மழையில் சேறாகி, அதன்மேல் கருவேலம் முளைத்து, மூன்றாம் ஆண்டில் பாதை இருந்த இடமே தெரியாமல் போகிறது. தூர்வாருவதற்கான மதிப்பீட்டிலேயே, அள்ளிய மண்ணைப் பரப்பிச் சமன்செய்து அதன்மேல் கிராவல் இடும் செலவையும் சேர்த்துவிட்டால், தனியாக ஒரு திட்டமோ தனி நிதியோ தேவைப்படாது. இயந்திரம் அங்கேதான் நிற்கிறது. ஆட்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கல்லணைக் கால்வாயை நீட்டித்துப் புனரமைத்து நவீனப்படுத்தும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கால்வாயின் உட்புறத்துக்குக் காங்கிரீட் போடுவதைப் பற்றி விவசாயிகளிடையே இரு வேறு கருத்து உண்டு. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. இத்தனை பெரிய தொகையில் நடக்கும் வேலையில் கரையின் மேற்புறம் யாருக்காக, எந்த வகையில் விடப்படப் போகிறது என்பதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை என்பதே என் குறை.

அமெரிக்காவில் இதுபோன்ற ஒரு கேள்வி எழுந்தபோது நடந்ததை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுனிலிருந்து மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லேண்ட் வரை, பொட்டோமாக் ஆற்றையொட்டி, ஏறத்தாழ 297 கிலோமீட்டர் நீளத்துக்குச் செசபீக் – ஒகையோ கால்வாய் வெட்டப்பட்டது. கோவேறு கழுதைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துச் செல்ல, அதன் கரையில் மண் பாதை ஒன்று இருந்தது. 1924-இல் வெள்ளத்துக்குப் பிறகு கால்வாயில் படகுப் போக்குவரத்து நின்றுபோனது. பின்னர் அதன் வழியே கார்களுக்கான சாலை போடலாம் என்ற திட்டம் எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கமும் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வில்லியம் டக்ளஸ் அந்த நாளிதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி, தலையங்கம் எழுதியவர் தம்முடன் அந்தக் கரையை முழுவதும் நடந்து பார்க்க வரட்டும் என்று அழைத்தார். அழைப்பை நாளிதழ் ஏற்றுக்கொண்டது. மார்ச் மாதம் பலர் சேர்ந்து நடக்கத் தொடங்கினார்கள். டக்ளஸ் உள்ளிட்ட ஒன்பது பேர் முழுத் தொலைவையும் நடந்து முடித்தார்கள். நாளிதழ் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971-இல் அந்தக் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாக ஆனது. இன்று அந்தப் பாதையின் பெரும்பகுதி மண்ணும் பொடிக்கல்லும் பரப்பிய நிலையிலேயே, மோட்டார் வாகனம் இல்லாமல், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் திறந்திருக்கிறது. நம் கால்வாய்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது, அதை நம்பிக் குறுவையும் சம்பாவும் இருக்கின்றன என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் கரையைக் காருக்குக் கொடுப்பதா, காலுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி இரண்டு இடங்களிலும் ஒன்றேதான்.

இதற்கு எழக்கூடிய எதிர்ப்புகளில் நியாயமானது விவசாயிகளுடையது. அறுவடைக் காலத்தில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வயலில் இறங்கக் கரையைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றைத் தடுப்பது என் நோக்கம் அல்ல. கரைப் பாதை தொடங்கும் இடத்தில் பூட்டுடன் கூடிய இரும்புக் குறுக்குக் கம்பி ஒன்றை நிறுத்தி, பக்கத்தில் மிதிவண்டி நுழையும் இடைவெளி விட்டு, சாவியை லஸ்கரிடமோ அந்தப் பகுதி பாசன விவசாயிகள் சங்கத்திடமோ கொடுத்துவிடலாம். அறுவடைக்கும் உரம் ஏற்றவும் திறந்துகொள்வார்கள். டிப்பருக்கு யாரும் திறந்துவிடக் கூடாது என்பதை ஊர் கவனித்துக்கொள்ளும். துறையைவிட ஊரின் கண் கூர்மையானது. கரையில் வேறு வழியே இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்கள் பல இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வர வேண்டிய அந்தப் பகுதிகளுக்குத் தார்ச்சாலை போடத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சதுப்பு நிலத்தைப் பொறுத்தவரை என் கோரிக்கை இன்னும் குறைவானது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள்ளோ, கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளோ புதிதாக ஒரு சைக்கிள் பாதையும் போட வேண்டாம். கோடியக்கரை 2002-இலேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். பூநாரைகள் வந்து இரை தேடும் சேற்றில் கிராவல் கொட்டுவதைவிடக் கேடு வேறு இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கடலோரத்தைச் சிதைத்ததைப் பார்த்தவர்களுக்கு, அங்கே மரமும் சேறும் தாமாகவே தேறி வர இடம் விட வேண்டும் என்பது புரியும். ஆற்றின் கடைமடைக் கதவணை வரை பாதை வந்தால் போதும். அதற்கு அப்பால் வனத்துறையின் அனுமதியும் படகும் இருக்கின்றன.

மிதிவண்டியில் வருபவர்களுக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குனிக்குப் பிறகு வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆகவே பொங்கலுக்குப் பின், அறுவடை முடியும் தறுவாயில் வரும் வாரங்களே ஏற்றவை. சமவெளியில் மேடு இல்லை என்று எண்ணி வருபவர்களுக்கு எதிர்காற்றே மேடு. பிற்பகலில் கடற்காற்று எழுவதால், கடலை நோக்கிப் போவதைக் காலையிலும் கடலிலிருந்து உள்நாட்டுக்குத் திரும்புவதைப் பிற்பகலிலும் வைத்துக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம். கருவேல முள் எந்த டயரையும் துளைக்கும். ஒட்டுப் போடும் சாமானும் காற்றுப் பம்பும் இல்லாமல் கரையேற வேண்டாம். ஆறு நிரம்பி ஓடும்போது கரையோரத்தில் வேகம் கூடாது. இருட்டிய பிறகு போகவே கூடாது, தண்ணீரும் பாம்பும் இரண்டும் ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்துறைகள் பெண்கள் குளிக்கவும் துவைக்கவும் வரும் இடங்கள். தொலைவிலேயே மணி அடித்து, கேமராவை உள்ளே வைத்து, கண்ணைப் பாதையில் வைத்துக் கடந்து போகத் தெரியாதவர்களுக்கு இந்தக் கரைகளில் வேலை இல்லை. இந்த ஒழுங்கு இல்லாமல் கூட்டம் வரத் தொடங்கினால், ஊர் மக்கள் முள்ளை வெட்டிப் போட்டுப் பாதையை அடைப்பார்கள். அடைக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

சுற்றுலாவுக்காக இதைச் செய்ய வேண்டும் என்று நான் வாதிடவில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து போவது கூடுதல் நன்மைதான். கரையோர டீக்கடைகளுக்கும், பஞ்சர் கடைகளுக்கும், மன்னார்குடி, முத்துப்பேட்டை விடுதிகளுக்கும் கொஞ்சம் வருமானம் வரும். ஆனால் முதலில் பயனடைய வேண்டியவர்கள், ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில், லாரிகள் உரசிச் செல்லும் நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள். அவர்கள் ஊரிலிருந்து பள்ளி இருக்கும் ஊருக்குப் பெரும்பாலும் ஓர் ஆறோ வாய்க்காலோ போகிறது. அரசு வண்டி கொடுத்துவிட்டது; அது ஓடுவதற்கு ஏற்ற தரை கரைமேல் ஏற்கெனவே பாதி ஆயத்தமாக இருக்கிறது.

எனவே நீர்வளத் துறை, முதல் கட்டமாக வடவாற்றில் தஞ்சாவூருக்கும் வடுவூருக்கும் இடைப்பட்ட கரையை மட்டும் எடுத்துக்கொண்டு, வரும் தூர்வாரும் பணியோடு சேர்த்துக் கிராவல் பாதையாகச் செப்பனிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். ஓர் ஆண்டு மழையைத் தாங்குகிறதா, ஊர் மக்கள் ஏற்கிறார்களா என்பது அதிலேயே தெரிந்துவிடும். தங்கள் நாளிதழின் டெல்டா மாவட்டச் செய்தியாளர்கள் தூர்வாரும் பணிகளைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் விரிவாக எழுதுகிறார்கள். எத்தனை கிலோமீட்டர் தூர்வாரப்பட்டது, எவ்வளவு செலவானது என்பவற்றோடு, அள்ளிய மண் எங்கே கொட்டப்பட்டது, அந்தக் கரையில் ஒரு சைக்கிள் போக முடிகிறதா என்பதையும் இனி சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.